உள்ளதைக் காட்டும் என்று கேட்டேன்

நம் ஜெபக்கூட்டத்தில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபித்து முறை என்னிடம் வரும்போது, “ஆமென்” என்று மட்டும் சொல்லி அடுத்தவருக்கு விட்டுவிடுவேன். அப்படிப்பட்ட என் நாக்கின் ஓரத்தில், போன துர்கா பூஜைக்கு முன்னால் வெள்ளையாக ஒரு படை வந்தது. ஆறவே இல்லை.

என் கணவருக்குக் கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. இந்த ஊருக்கு வந்த பிறகு ஜர்தாப் புகையிலை போட்ட பான் மெல்லும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் பயந்துபோனேன். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை என்று வந்தது. அடுத்த ஞாயிறே சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம்.

ஆனால் டாக்டர் விடவில்லை. செல்கள் சரியாக இல்லையாம். இப்படிப்பட்ட படை சிலருக்கு அப்படியே கிடக்கும், சிலருக்குப் புற்றுநோயாக மாறும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்றார். எந்த வழியில் போகும் என்பதற்குச் செல்லுக்குள்ளேயே சில அடையாளங்கள் உண்டாம். எடுத்த சதையிலேயே அவற்றைத் தேடலாம்; அடித்துச் சொல்லாவிட்டாலும் ஆபத்து கூடுதலா குறைவா என்று காட்டும் என்றார்.

கூட்டத்தை நடத்தும் கிரேஸ் அக்கா கேட்டார்கள்: “காணிக்கை போட்டாச்சுல்லா? இனிமே போய் சோதிச்சா, ஆண்டவர் தந்தத நம்பலேன்னு ஆயிராதா?” அன்பினால்தான் சொன்னார்கள். எனக்கும் அப்படியே தோன்றியது. ஆனால் சோறு இறங்கவில்லை. கெட்டதாக வந்தால் நாக்கை வெட்டுவார்களே.

“ஏட்டி, நீ பேசுறதே ரேஷன்ல. அதுக்குமா ஆபத்து?” என்று என் கணவர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சமையலறையில் தனியாக நின்று வாய்விட்டு ஜெபித்தேன். அதுவரை “ஒன்றுமில்லை என்று வரட்டும்” என்றே கேட்டு வந்தவள், அன்று, “ஆண்டவரே, உள்ளதைக் காட்டும். அதைத் தாங்கப் பெலன் தாரும்” என்றேன். பயம் போகவில்லை. ஆனாலும் என் கணவர் வேலை முடிந்து வந்ததும், “அந்தச் சோதனைக்குப் போவோம்” என்றேன்.

அடையாளங்கள் ஆபத்து கூடுதல் என்றே காட்டின. நாக்கின் ஓரத்தை எடுத்தார்கள். எடுத்த சதையின் அடியில் ஓரிடத்தில் புற்றுநோய் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சுற்றிலும் சுத்தமாக இருந்தது. வேறெங்கும் பரவவில்லை.

கிரேஸ் அக்கா கஞ்சி கொண்டுவந்து, “என் பேச்சக் கேட்டிருந்தா என்னட்டி ஆயிருக்கும்?” என்று அழுதார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பான் மெல்லுவதை விட்டுவிட்டேன். டாக்டர் சொன்னபடி போய்க் காட்டி வருகிறேன். பிரியமானவர்களே, வாயில் ஆறாத புண்ணோ படையோ இருந்தால் ஜெபியுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். கேட்க அஞ்சும் பதிலையும் நம் தேவனிடம் துணிந்து கேட்கலாம். அதைக் கேட்கும்போது அவர் நம் பக்கத்தில் இருக்கிறார்.

இப்போது ‘கர்த்தர்’ என்று சொல்ல என் நாக்கு தடுமாறுகிறது. போன வாரம் கூட்டத்தில் முறை என்னிடம் வந்தது. நான் அடுத்தவருக்கு விடவில்லை.