ஆன்டெனாவில் இருந்த கூடு

இன்று அப்பாவின் தெவசம்.

மொட்டை மாடியில் இலையில் சோற்றை வைத்து, "கா... கா..." என்று ஒரு மணி நேரம் கத்தினேன். காகம் தொடாமல் நாங்கள் சாப்பிடக் கூடாது. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும்.

காகங்கள் வந்தன. சோற்றைத் தொடவில்லை. என் மண்டையில் மூன்று கொத்து.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கீழேயிருந்து சிரித்தார். "இன்னா சார், அதோட வூட்ட பிச்சி கடாசிட்டு, இப்ப சோத்துக்குக் கூப்டுகினு கீற?"

"எந்த வீட்டைடா சொல்றார்?" என்றாள் அம்மா.

போன ஞாயிறு மேட்ச் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஆன்டெனாவில் கட்டியிருந்த கூட்டைப் பிய்த்து எறிந்தேன். எங்கள் சேலையூர் தெருவில் மரம் ஏது? கூடு முழுக்க ஒயர் துண்டுகள். உள்ளே இரண்டு முட்டைகள்.

சொன்னேன். "அப்பா இனிமே வர மாட்டாருடா" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

இலைப் பொட்டலத்தோடு தாம்பரம் வரை அலைந்துவிட்டேன். ஒன்றுகூட இறங்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உங்கள் எல்லோருக்கும் இந்த மெயிலைத் தட்டுகிறேன்.

என்னை அடையாளம் தெரியாத காகம் யார் வீட்டிலாவது இருக்கிறதா? உடனே பதில் போடுங்கள், சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.