நீதிபதிகள் வரிசையில் ஒரு காலி ஃப்ரேம்

மாவட்டம் மாதிரியான எங்கள் கவுண்டியின் கோர்ட்டுக்கு நான் முதன்முதலில் போனது கோபத்தோடுதான். மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்த மறு மாதம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கூட்டிப் போனால், என் கையெழுத்து செல்லாது என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு ஆட்டிசம். பேச்சு ரொம்பக் குறைவு. பிறந்ததிலிருந்து அவனுக்குப் பல் தேய்த்துவிடுகிறவள் நான். சட்டப்படி இப்போது அவன் பெரியவனாம், நான் யாரோவாம். அவனுக்காக முடிவெடுக்க வேண்டுமென்றால் கோர்ட்டில் கார்டியன்ஷிப் வாங்கி வர வேண்டுமாம்.

பள்ளியில் இதை ஒரு வருடம் முன்பே சொன்னார்கள். என் கணவர்தான் இழுத்தடித்தார். “நம்ம குடும்பத்துல யாரும் கோர்ட் படி ஏறினதில்ல. பெத்தவங்க நாம இருக்கோம், நடுவுல ஜட்ஜ் எதுக்கு?” என்பார். வலி தாங்காமல் பையன் சுவரில் தலையை முட்டிக்கொண்ட அன்றுதான் அந்தக் குடும்பப் பெருமை அடங்கியது. வக்கீல் வைத்து அப்ளை பண்ணினோம். விசாரணை நாளன்று ஹூஸ்டனுக்குத் தெற்கே அரை மணி நேரம் ஃப்ரீவேயில் போனோம்.

பழைய செங்கல் கட்டிடம். எங்களைக் கூப்பிட இரண்டு மணி நேரமானது. மாடித் தாழ்வாரச் சுவர் முழுக்க, அந்தக் கோர்ட்டில் இருந்த நீதிபதிகளின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பித்தளைத் தகடு. சண்டைக்கு வந்த நான், வேறு வேலையில்லாமல் படிக்க ஆரம்பித்தேன். முதல் நீதிபதி நெல் விவசாயி. சட்டம் படித்தவரே இல்லை. ஊர் நம்பியது, உட்கார வைத்தது. அடுத்தவர் பள்ளி வாத்தியார். அதற்கடுத்தவருக்கு மாட்டுப் பண்ணை. போகப் போகத் தாடி சிறுத்தது, டை வந்தது, படத்துக்கு நிறம் வந்தது, கடைசியில் இரண்டு பெண்கள். என்னையறியாமல் மரியாதை வந்துவிட்டது. நாலாவது ஃப்ரேமில் மட்டும் படமே இல்லை. என் மகன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

உள்ளே இருந்தவர் வரிசையில் கடைசிப் படத்தில் இருந்த அம்மாள். வெள்ளைத் தலை, கறுப்பு அங்கி. மேடையிலிருந்து இறங்கி வந்து என் மகன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

“இட்லி, மேடம். மூணு,” என்றேன் நான்.

எந்த வகுப்பு என்றார். அதையும் நானே சொன்னேன். என்ன பிடிக்கும் என்றார். வாய் திறந்தேன். நீங்கள் நல்ல அம்மா, ஆனால் நான் உங்களைக் கேட்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நம் வீடுகளில் டாக்டர் கேட்டாலும் வாத்தியார் கேட்டாலும் பிள்ளைக்குப் பதில் அம்மாதானே சொல்வாள்? அவர் காத்திருந்தார். அவ்வளவு நேரம் என் பையனுக்காக யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

“ஃபோர்டீன் ஃப்ரேம்ஸ். தர்டீன் ஃபேசஸ்,” என்றான்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு புயலில் கோர்ட்டுக்குள் வெள்ளம் புகுந்ததாம். நாலாவது நீதிபதி ஊராரின் நிலப் பத்திரப் பதிவேடுகளையெல்லாம் ஒவ்வொன்றாக மாடிக்குச் சுமந்தாராம். சுவரில் இருந்த தன் படத்தை எடுக்க மறந்துவிட்டாராம். வேறு படம் கிடைக்கவில்லை, அதனால் காலி ஃப்ரேமையே மாட்டி வைத்திருக்கிறோம் என்றார்.

“ஹூ இஸ் நெக்ஸ்ட்?” என்றான் மகன்.

அது என் கையில் இல்லை, இங்கே நீதிபதியையும் ஜனங்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஓட்டுப் போடுகிறவர்கள் கையில் என்றார் அவர். பிறகு வக்கீல் கொடுத்த காகிதத்தைப் பார்த்தார். மகனிடமிருந்து எடுத்துவிடும்படி நாங்கள் கேட்டிருந்த உரிமைகளின் பட்டியலில் ஓட்டுரிமையும் இருந்தது. அவனுக்கு ஓட்டெல்லாம் எதற்கு மேடம் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் அவனைக் கேட்டார். உனக்கு வேண்டுமா?

“ஐ வான்ட்.”

பேனாவால் அந்த வரியை அடித்தார். வைத்தியம், மற்ற முடிவுகள் எங்களுக்கு. ஓட்டு அவனுக்கு. படியிறங்கும்போது என் கணவர் மெல்லச் சொன்னார். “ஏய், நமக்கு கிரீன் கார்டுதான். இங்க பொறந்ததால நம்ம வீட்ல ஓட்டு இருக்கிறதே அவன் ஒருத்தனுக்குத்தான்டி.” எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒன்றையும் வேண்டாமென்று எழுதித் தர வந்திருந்தேன்.

நவம்பரில் லைப்ரரியில் வாக்குச்சாவடி. உதவி வேண்டுமா என்று அங்கிருந்தவர் அவனைக் கேட்டார். என் வாய் திறந்தது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தனியாகப் போனான். ரொம்ப நேரமானது. சட்டையில் ‘ஓட்டுப் போட்டேன்’ ஸ்டிக்கரோடு வந்தான்.

காரில் ஏறியதும் கேட்டேன். “யாருக்குடா போட்ட? ஜட்ஜ் ஆன்ட்டிக்கா?”

சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

“சீக்ரெட், அம்மா.”