குட்டியைச் சுமந்த திமிங்கலம்

மதுமதிக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக் காலம் கூட அவளும் மோகன்குமாரும் ஒரே ஊட்டில் இருந்ததில்லை. அவருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. சத்தீஸ்கர், ஒடிசா என்று எங்கே போர் போடக் கூப்பிடுகிறார்களோ அங்கே போய்விடுவார். மழை பிடித்து வண்டி ஓய்கிறபோதுதான் ஜேடர்பாளையத்துப் பக்கம் தலை காட்டுவார். அவள் ஊரில் இருந்து மாமனார் அப்புசாமியோடு குச்சிக்கிழங்குக் காட்டையும் இரண்டு மாடுகளையும் பார்த்துக்கொண்டாள்.

தினமும் போன் வரும். "சாப்டியா?" "சாப்டனுங்க." "மழையா?" "இல்லீங்க." அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படாது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

மகள் யுவஸ்ரீ கோயமுத்தூருக்குப் படிக்கப் போனபோது தன் பழைய போனை அம்மாவிடம் விட்டுப் போனாள். அதில் மோகன்குமார் அனுப்பிய முதல் வீடியோ, பனிமலையில் போர் போடுவது. ஆழத்துளைக்குள் ஒருவர் ஐஸ் துண்டைப் போடுகிறார். அது கீழே போய் மோதுகிற சத்தம் விசித்திரமாக மேலே வருகிறது. மதுமதி அதை நாலைந்து முறை கேட்டாள். டைப் அடிக்கப் பொறுமையில்லாமல் வாயாலேயே பதில் சொல்லி அனுப்பினாள்.

"ஏனுங்க, நம்ம கெணத்துல கல்லு உழுந்தா இப்பிடிக் கேக்காதுங்களே? எதோ குருவி கத்தறாப்பல இருக்குது. அத்தனை குளுருல அந்தாளு கையுறை கூட இல்லாம நிக்கறான் பாருங்க. அவன் பொண்டாட்டி பாத்தா வைவா."

அதைக் கேட்டு ரிக்கில் இருந்தவர்களெல்லாம் சிரித்ததாக அவர் சொன்னார். மறுநாளும் ஒன்று வந்தது. வாத்துக் கூட்டமொன்று வரிசை கலையாமல் வயலுக்குப் போகிற வீடியோ. "நம்மகிட்ட இருக்கறது ரெண்டே மாடு, அதுங்க ஆளுக்கொரு பக்கம் இழுக்குதுங்க. இதுகள யாருங்க பழக்குனது?" என்று கேட்டாள். அவர் எங்கிருந்தோ விசாரித்துப் பதில் சொன்னார். இப்படியே பேச்சு வளர்ந்தது. பால் கறக்கும்போதும் காட்டுக்குத் தண்ணி கட்டும்போதும், அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி அவருக்கு என்ன சொல்லலாம் என்று அவளுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். புதிதாகக் கல்யாணமானவள்போல இருக்கிறோமே என்று அவளுக்கே சில சமயம் வெட்கமாக இருந்தது.

சித்திரை கடைசியில் ஒருநாள், பால் சொசைட்டியில் நிற்கும்போது ஒரு வீடியோ வந்தது. திமிங்கலம். கடலை உடைத்துக்கொண்டு துள்ளும் என்று நினைத்துத் திறந்தாள். அது துள்ளவில்லை. செத்துப்போன குட்டியை மூக்கால் ஏந்தி நீந்திக்கொண்டிருந்தது. நழுவி மூழ்கும்போதெல்லாம் தானும் கீழே போய், மறுபடி தூக்கிக்கொண்டு மேலே வந்தது. கூட வந்த மற்ற திமிங்கலங்கள் விட்டுப் போகாமல் சுற்றியே நீந்தின.

மதுமதி போனை இடுப்பில் செருகினாள். பாலை ஊற்றிவிட்டு ஊட்டுக்கு வந்து, கட்டுத்தரையில் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவருக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை. மறுநாளும் இல்லை.

அவரே கூப்பிட்டார். பின்னால் ரிக் இரைச்சல் கேட்கவில்லை. எங்கோ தள்ளி வந்து நின்று பேசினார்.

"மது, நான் முழுசாப் பாக்காம அனுப்பிட்டேன். இப்பத்தான் பாத்தேன். அதை அழிச்சிரு."

"எதுக்குங்க அழிக்கோணும்? அதுக்காவது தூக்கிட்டுப் போகக் கெடச்சுது. எனக்குக் கையில கூடக் குடுக்கலீங்க."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யுவஸ்ரீக்கு முன்னால் ஒரு பையன். ஆப்பரேசன் செய்து எடுத்தபோதே உயிரில்லை. அவள் மயக்கம் தெளிவதற்குள் துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். வேலைக்குப் போன இடத்திலிருந்து வந்து சேர்ந்த மோகன்குமார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குழந்தையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கொஞ்ச நாளில் வண்டி ஏறிவிட்டார்.

"உங்களுக்கு அது ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சுட்டனுங்க," என்றாள்.

"அந்தப் பேச்சையே எடுக்காத, அவ தாங்கமாட்டான்னு எங்கம்மா சொல்லுச்சு. நான் ரயில்ல வாரப்ப வழியெல்லாம் பேரு யோசிச்சுட்டே வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சுத்தான் சொன்னாங்க."

"என்ன பேருங்க?"

"கவின்."

மதுமதி ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதும் உடைந்து அழுதாள். அந்தப் பக்கத்திலும் அழுகிற சத்தம் கேட்டது. இருவரும் போனை வைக்கவில்லை.

"அவன எங்க அடக்கம் பண்ணுனாங்கன்னு தெரியுங்களா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது அம்மணி. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

ஆடியில் அவர் வந்தார். பையைக் கூடப் பிரிக்காமல், வாசலில் உட்கார்ந்திருந்த அப்பனிடம் இருவரும் போய் நின்றார்கள். மதுமதிதான் கேட்டாள். "மாமா, மொதப் பையன எங்க வெச்சீங்க?"

அப்புசாமி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். காட்டின் மேற்கு மூலை, மழைத்தண்ணி ஓடும் வாரியை ஒட்டிப் புல் முளைத்துக் கிடந்த இடத்தில் நின்றார். நல்ல மண்ணை ஏன் சும்மா போட்டிருக்கிறீர்கள் என்று மதுமதியே பலமுறை அவரிடம் சண்டை போட்டிருக்கிறாள்.

"இங்கதான் சாமி. டிராக்டர் இந்தப் பக்கம் வந்தா நாந்தான் மறிச்சுத் திருப்பி உடுவேன்," என்றார். "சொல்லோணும்னுதான் இருந்துச்சு. பேச்ச எப்பிடி எடுக்கறதுன்னு தெரியில."

"மொகம் எப்பிடி இருந்துச்சுங்க மாமா?"

"உன்ற மொகந்தான் அம்மணி. முடி மட்டும் இவனாட்ட, சுருட்ட." சொல்லிவிட்டு அவர் அங்கே நிற்காமல் திரும்பிப் போனார்.

மோகன்குமார் குனிந்து புல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயிற்றில் இருக்கும்போது எப்போதெல்லாம் உதைத்தான் என்று அவர் கேட்டார். பம்புசெட் சத்தம் கேட்டால் போதும், புரளுவான் என்று சொல்ல ஆரம்பித்தாள். வெயில் சாய்ந்து கறவை நேரமாகி, மாடுகள் கத்தின. மாமனார் தாமே பால் செம்பை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குள் போவது அங்கிருந்து தெரிந்தது. மதுமதி எழுந்திருக்கவில்லை, சொல்ல இன்னும் நிறைய இருந்தது.