மூன்றாவது கடல்

ஓவியக் கல்லூரியின் கடைசி வருடத்தில் ஆய்வுக்கு நான் கேட்டு வாங்கியவர் ஒரு பிரெஞ்சுக் கடற்கரை ஓவியர். மாலுமியின் மகன், பள்ளிக்கூடம் சரியாகப் போகாதவர், துறைமுக ஊரில் படச்சட்டம் போடும் சிறிய கடை வைத்திருந்தவர் என்று நூலகப் புத்தகத்தில் படித்ததும் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு வரப்பு வெட்டும் வேலை, அம்மாவுக்கு நடவு. "பிரான்சுக்காரன் கடல வரைஞ்சான், சரி. அதுக்கு நீ ஏன்டா பரீட்சை எழுதணும்?" என்று அம்மா கேட்டாள்.

அவர் படங்களில் பாதிக்கு மேல் வானம்தான். மனிதர்கள் தூரிகை நுனியில் வைத்த புள்ளிகள். கரையிலேயே நின்று, மேகம் மாறுவதற்குள் முடித்து, சில படங்களின் பின்னால் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்து வைப்பாராம். அதே முறையில் நேரில் வரைந்த மூன்று படங்களைக் கட்டுரையோடு கொடுக்க வேண்டும். குறைந்தால் கட்டுரையை வாங்கமாட்டார்கள். போனைப் பார்த்து வரைந்தால் எங்கள் ஆசிரியர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். இரண்டு முடிந்திருந்தன. கடைசித் தேதிக்கு முந்தின நாள், மிச்சமிருந்த ஒரே பலகையோடு முதல் பஸ்ஸில் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து தெற்கே ஒரு மீனவர் ஊரில் இறங்கினேன்.

மழை விட்ட காலை. சாம்பல் வானத்தின் அடியில் மட்டும் மெல்லிய மஞ்சள். மூன்று கால் ஸ்டாண்டை மணலில் ஊன்றி, பலகையின் பின்னால் குறிப்பு எழுதி, நாலு தடவை தூரிகை வைத்திருப்பேன். வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து வந்தார்.

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லீங்கக்கா. படம் வரையிறேன்."

"போன மாசம் வந்தவனும் இப்புடித்தான் மூணு கால ஊனுனான். எறால் பண்ணைக்கு அளக்குறான்னு அப்பறந்தான் தெரிஞ்சுது."

ஆட்கள் கூடிவிட்டார்கள். அக்கா பலகையைத் திருப்பினார். 'காலை 6.40, வடகிழக்குக் காற்று.'

"பாருங்க, டைம் போட்டு காத்து போட்டு எழுதி வச்சிருக்கான்! படத்துக்கு எதுக்கு இதெல்லாம்?"

"இல்லக்கா, பிரான்சுல ஒரு ஓவியர்..."

"ஓ, பிரான்சு கம்பெனியா!"

பின்னால் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். "இது கொண்டல்பா. நேர் கெழக்கேருந்து அடிக்கிது. அளக்கக்கூட தெரியாதவன அனுப்பியிருக்கானுவ." எல்லோரும் சிரித்தார்கள். நான் வயல்காட்டு ஆள். கடற்காற்று எனக்கு எப்படித் தெரியும்?

"நெசமாவே வரையிறவன்னா, அந்தா நிக்கிற எங்க போட்ட வரைஞ்சு காட்டு" என்றார் அக்கா.

வரைந்தேன். மேகம் கலைந்தது, மஞ்சள் போனது, வானம் இருக்க வேண்டிய இடத்தை ஒரு ஃபைபர் படகு அடைத்துக்கொண்டது. "நம்பர் எங்க?" என்றார்கள். நம்பர் போட்டேன். "பச்சக் கோட்ட வுட்டுட்டியே" என்றார்கள். அதையும் போட்டேன். டீ வந்தது. எல்லோருக்கும் திருப்தி. பலகையை எடுக்கக் கை நீட்டினேன்.

"இது இருக்கட்டும் தம்பி. தலைவர் கடலுக்குப் போயிருக்காரு. பின்னால எழுதுனத அவரு வந்து பாக்கட்டும்."

"நாளைக்குக் காலேஜ்ல குடுக்கணும்க்கா."

"எங்க கரை நாளைக்கு இருக்கணும்ல?"

கெஞ்சிப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்படக்கூட ஒரு ஆள் இல்லை. அக்காவின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் ஆசிரியர் கேட்டார்: "மூணாவது எங்க?"

"ஊர்த் தலைவர்கிட்ட இருக்கு சார்."

வகுப்பே சிரித்தது. அவர் கட்டுரையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். "படம் வந்ததும் வாப்பா."

அந்த ஓவியர் கரையில் நின்றபோது யாராவது வந்து எந்தக் கம்பெனி என்று கேட்டார்களா? புத்தகம் முழுக்கத் தேடினேன். இல்லை.

படம் தலைவருக்குப் பிடித்துப்போய், மீன் ஏலக்கூடத்தில் மாட்டிவிட்டார்களாம். போன் செய்தால் அந்த அக்கா, "இங்கயே இருக்கட்டும் தம்பி, அத்தன பேரும் பாக்குறாங்க" என்கிறார். மார்க் போட வேண்டியவர் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.