காளைக் குழாயும் கிடாக் குழாயும்

விந்து ஆய்வகத்தில் இருபது வருடமாக உதவியாளராக இருக்கிறவருக்கு அன்று தலை சுற்றியது. காளை விந்துக் குழாய் சட்டையின் வலப் பையில், கிடா விந்துக் குழாய் இடப் பையில். சூடு ஆறாமல் உடம்போடு ஒட்டி எடுத்து வருவதுதான் அவர் வழக்கம். விந்தணு உள்ளே நுழையக் கருமுட்டையின் உறையைக் கரைக்கிற நொதி எதில் வீரியமாக இருக்கிறது என்று டாக்டரம்மா ஒப்பிட்டுப் பார்த்தார். கிடாவுடையது இரண்டு மடங்கு வந்தது.

"பையை மாத்திப் போட்டுட்டேன் போலம்மா," என்றார் அவர், வியர்த்துப்போய்.

"நிஜமாவாண்ணே? நீங்க மாத்தினதே இல்லையே."

"ஆயிரம் கிலோ காளைம்மா அது. அதைப் போய் இந்தக் கிடா ஜெயிக்குமா?"

தப்பு நடந்திருந்தால் அன்றைய வேலை முழுக்க வீண். அவரை இனிக் குழாயைத் தொடவும் விடமாட்டார்கள்.

மறுநாள் அடையாளத்துக்கு ஒரு குழாயில் சிவப்பு நூலும் மற்றதில் கறுப்பு நூலும் கட்டிப் புதிதாக எடுத்து வந்தார். அதே கணக்குதான் வந்தது.

டாக்டரம்மா சிரித்தார். "உருவத்தைப் பாத்தா நொதி வேலை செய்யுது? செய்யாத தப்பை ஏண்ணே ஒத்துக்கிட்டீங்க?"

வேலைக்கு ஆபத்தில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கொட்டிலுக்குப் போய்க் காளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்னை நம்பி என் பேரையே கெடுத்துக்கப் பாத்தேனேடா," என்றார்.

அது அசை போட்டபடி நின்றது.