ஊத்தே இத்தாமோடு ஓடிப்போன கதை

மாக் அண்டாக் வாயைத் திறந்தால் பேராக் ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவு குரல். புதிதாக வந்தவர்கள் சண்டை போடுகிறாள் என்று பயந்துவிடுவார்கள். ‘பசியாறியாச்சா’ என்றுதான் கேட்டிருப்பாள். படகுத்துறை மரத்தடியில், அரிசி நூடுல்ஸில் குழம்பு ஊற்றித் தரும் லக்சா விற்று வந்தாள். மீன் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்ததும் ஒரு கூப்பாடு போடுவாள். அக்கரையிலிருந்து சம்பான் படகு புறப்பட்டுவிடும்.

மாக் என்றால் அம்மா. அண்டாக் என்பதும் அவள் பெயரில்லை. அந்தக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மலாய்க்காரர்கள் பிள்ளைகளைப் பிறந்த வரிசையையும் உருவத்தையும் நிறத்தையும் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மூத்தது யோப், நடுவிலது அங்ஙா, குட்டையானது அண்டாக், வெளுத்தது ஊத்தே, கறுத்தது இத்தாம், கடைக்குட்டி ஊசு. வீட்டுக்கு வீடு இதே பெயர்கள்தான். ஆற்றங்கரையில் நின்று ‘இத்தாம்’ என்று கூப்பிட்டால் கிழவரும் திரும்புவார், குழந்தையும் திரும்பும்.

மாக் அண்டாக்குக்குப் பிள்ளை பிறக்கவில்லை. லாரி ஓட்டிய புருஷனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அவளுடைய மூத்த அண்ணன் யோப்பின் மனைவி காய்ச்சலில் இறந்தபோது, அந்தப் பிள்ளைகளை அத்தைமார்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். வெளுத்த குட்டி ஊத்தே இவள் பங்கு. அந்தப் பெண்ணுக்காகத்தான் இவள் எழுந்ததும் படுத்ததும். ஊத்தே வளர்ந்து ஈப்போவில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். வார முடிவில் வீட்டுக்கு வருவாள். அக்கரைக் கல்சோமின் மகன் ஷஹ்ரிலுக்கும் அவளுக்கும் பேசி முடித்திருந்தது. கல்சோமின் அப்பாவும் மாக் அண்டாக்கின் அம்மாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை. டுரியான் மரச் சண்டை ஒன்றில் அறுந்துபோன உறவு இந்தச் சம்பந்தத்தில்தான் மறுபடி ஒட்ட இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண் விரலில் மோதிரம் போடுவதுதான் பாக்கி.

‘நான் போயிட்டா மாக் தனியா இருக்கணுமே’ என்று ஊத்தே ஈப்போ இரவுச் சந்தையில் இரண்டு முயல்குட்டிகளை வாங்கிவந்தாள். ஒன்று பால்வெள்ளை, ஒன்று கரி நிறம். இரண்டும் பொட்டைதான் என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். வெள்ளைக்கு என்ன பெயர் வைப்பார்கள்? ஊத்தே. கறுப்புக்கு? இத்தாம். அந்தக் கம்பத்தில் வேறு யோசனையே யாருக்கும் வராது.

வளர வளர இத்தாமின் போக்கு சரியில்லை. பின்காலைத் தட்டுவதும், கண்டதன்மேல் மூத்திரம் பீய்ச்சுவதும், ஊத்தேவைச் சுற்றிச்சுற்றி வருவதுமாக இருந்தது. மூன்றாம் வீட்டு ஆட்டுக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, “இவ தங்கச்சி இல்ல, மாப்பிள்ள” என்றார். அன்றே மாக் அண்டாக் இரண்டையும் பிரித்தாள். இத்தாமுக்கு வீட்டுக்கடியில், தூண்களுக்கு நடுவே கம்பிவலைக் கூண்டு. ஊத்தேவுக்கு அடுப்படி மூலையில் மரக் கூண்டு.

மழை விட்ட ஒரு காலையில் அவள் ஊத்தேவுக்குக் கங்கோங் கீரை போட்டுக்கொண்டிருந்தாள். பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தால் இத்தாமின் கூண்டு காலி. ஈரமண்ணைத் தோண்டி, வலைக்கடியில் நுழைந்து போய்விட்டிருந்தது. கீரையைப் போட்டது போட்டபடி கீழே ஓடினாள். கூண்டுக் கதவைச் சாத்தவில்லை. இத்தாமைக் காணாமல் திரும்பி ஏறி வந்தால், ஊத்தேவும் இல்லை.

கரையில் உடும்புகள் நடமாட்டம் உண்டு. கோழிக்குஞ்சை முழுசாக விழுங்குகிற சைசு. மாக் அண்டாக் ஆற்றோரம் நின்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்:

“ஐயோ, ஊத்தே ஓடிப்போயிட்டா! இத்தாம்கூட ஓடிப்போயிட்டா! யாராச்சும் பாத்தீங்களா?”

இக்கரையில் நாங்கள் கூடையும் சாக்குமாக ஓடினோம். நான் பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரி. எனக்கு எந்த ஊத்தே என்று தெரியும். அக்கரைக்கு எப்படித் தெரியும்?

துரத்தினால் முயல் அகப்படாது. மாக் அண்டாக் கையில் கீரையோடு ஒவ்வொரு புதராகக் குந்திக் குந்திப் போனாள். சமாதானப்படுத்துகிற பேச்சுக்கூட அவளுக்குச் சத்தமாகத்தான் வரும். “வாடி என் ராசாத்தி, அடிக்க மாட்டேன், வீட்டுக்கு வா.” அதுவும் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போயிருக்கும். மத்தியானத்துக்குமேல் சுரா என்கிற சின்னத் தொழுகைக் கூடத்துக்குப் பின்னாலிருந்த வாழைத்தோப்பில் கண்டுபிடித்தோம். சருகுமேல் இரண்டும் ஒட்டிப் படுத்து, கண்ணை மூடிக் கிடந்தன. ஆட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “லேட்டு, அண்டாக். மாப்பிள்ள வேலைய முடிச்சிட்டான்.”

“வாயக் கழுவு! இன்னும் ஒண்ணும் நிச்சயமில்ல.”

“பேசாம ரெண்டையும் கறி வச்சிடு. நாலு பேருக்கு வரும்.”

“உன்னைய வச்சா எட்டுப் பேருக்கு வரும். போறியா?”

மறுநாள் லக்சா சாப்பிட ஜாரா வந்தாள். கல்சோமின் சித்தி மகள், அக்கரைக்காரி. மாக் அண்டாக் அப்போது வேறு யாருக்கோ ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “வாழைத்தோப்புல ரெண்டும் ஒண்ணாப் படுத்துக் கிடந்துச்சுங்க. இழுத்துட்டு வந்துட்டேன். முழுகாம இருக்காளா இல்லையான்னு போகப் போகத்தான் தெரியும்.”

நமக்கு மாட்டுக்குச் சினை, மனுஷிக்கு முழுகாம இருப்பது என்று தனித்தனியாக இருப்பதுபோல அவர்களுக்கும் இரண்டு சொல் உண்டு. மாக் அண்டாக் தன் முயலுக்கு மாட்டுச் சொல்லைப் போடமாட்டாள், மரியாதைக் குறைவாம். போதாததற்கு மலாயில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ‘டியா’ ஒன்றே ஒன்றுதான். ஜாரா அந்தப் பேச்சில் முயலைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பாதி லக்சாவை வைத்துவிட்டுச் சம்பான் ஏறிவிட்டாள்.

அப்புறம் அக்கரையில் ஒரே ஆராய்ச்சி, எந்த இத்தாம் என்று. பள்ளிவாசல் பக்கத்து இத்தாமுக்கு மூன்று பல்தான் மிச்சம், அவராக இருக்காது. சைக்கிள் கடை இத்தாமுக்குப் பெண்டாட்டி மூர்க்கம், துணியமாட்டான். கடைசியில் மீன் வண்டி இத்தாம் என்று முடிவு கட்டினார்கள். அவன் பாவம், ஏன் எல்லோரும் முறைக்கிறார்கள் என்று தெரியாமலே மீன் விற்றான். வார முடிவில் ஊத்தே பஸ்ஸிலிருந்து இறங்கியதை ஒருத்தி பார்த்துவிட்டு, “தளர்ந்த பாஜு கூரோங்லதான் வந்தா, பாத்தியா?” என்றாளாம். பாஜு கூரோங் என்பதே தொளதொளச் சட்டை, அது யாருக்குத்தான் தளர்ந்து இருக்காது?

கல்சோமிடமிருந்து சம்பான்காரர் வழியாகச் செய்தி வந்தது. மோதிரம் இன்னும் தட்டானிடமே இருக்கிறது, சடங்கைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

மாக் அண்டாக் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டாள். “அந்த மோதிரத்தப் போன மாசமே என் விரல்ல போட்டுப் பாத்தேன், தங்கச்சி. கைல இருக்கறத ஏன் இல்லேங்கறா?”

“நேரா போய்க் கேளுங்களேன்” என்றேன்.

“எப்படிக் கேக்கறது? பொண்ணு வீட்டுக்காரி வாயத் தொறந்து கேப்பாளா? என் வாயே ஒரு வாய். எங்கயோ ஏதோ உளறி, என் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டேன் போல.”

ஊத்தேவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சைக் குறைத்தாள். சட்டியைத் திறப்பாள், கூப்பாடு கிடையாது. சம்பானும் வராது. லக்சா மீந்தது, நாங்கள் தின்றோம். அந்த மௌனத்தைக் கேட்க எங்களுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளை முயல் மட்டும் தின்று தின்று பெருத்தது.

ஒருநாள் கல்சோமே வந்துவிட்டாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், முகத்தில் நோயாளியைப் பார்க்க வந்த களை. மாக் அண்டாக் அவளை அடுப்படியில் உட்கார வைத்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மழையைப் பற்றிப் பேசினார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். நேரே விஷயத்துக்கு வருவது அங்கே மரியாதை இல்லை.

“ஜாரா ஏதோ சொன்னா, அண்டாக்” என்று கல்சோம் மெல்ல ஆரம்பித்தாள். “ஊத்தே… வெளிய போயி… திரும்பி வந்துட்டதா.”

மாக் அண்டாக்குக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கல்யாணத்தை நிறுத்த வந்தவள் முயலைப் பற்றிக் கேட்கிறாளே! “அத ஏன் கேக்கற, சோம்! கதவ ஒரு நிமிஷம் தொறந்து வச்சது என் தப்பு. ஓடியே போயிட்டா.”

“மெதுவாப் பேசு. இப்ப எப்படி இருக்கா?”

“தின்னுக்கிட்டே இருக்கா. கிட்டப் போனா உறுமுறா. நேத்து என் கையக் கடிச்சுட்டா, பாரு.”

கல்சோம் பல் பதிந்த இடத்தைப் பார்த்தாள். “மனசு கலங்கியிருக்கு, பாவம். அந்த… பையன்?”

“இத்தாமா? வீட்டுக்கடியில அடைச்சு வச்சிருக்கேன்.”

“அடைச்சா!”

“பின்ன? கல்ல போட்டு வலையச் சுத்தி அடைச்சாச்சு. விட்டா, இவ பெத்த அன்னிக்கே மறுபடியும் வந்து நிப்பான். வெக்கங்கெட்டவன்.”

கல்சோம் நெஞ்சில் கை வைத்தாள். “உனக்கு வருத்தமா இல்லையா, அண்டாக்?”

“மொதல்ல இருந்துச்சு. இப்ப சந்தோஷம்தான். பொறக்கறது பொறக்கட்டுமே. வேணும்னா நீயும் ஒண்ணு எடுத்துட்டுப் போ.”

“ஒண்ணா? எத்தனை மாசம் இப்ப?”

“மாசக் கணக்கு என்ன? இன்னிக்கோ நாளைக்கோ பெத்துருவா. வயித்தத் தொட்டுப் பாத்தா ஆறோ ஏழோ இருக்கும் போல.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெங்காயக் கத்தி கையிலேயே நின்றது. சிரிப்பை அடக்கினதில் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று நினைத்திருப்பார்கள்.

கல்சோம் ‘ஆறோ ஏழோ’ என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு பயந்து பயந்து கேட்டாள்: “அண்டாக்… ஊத்தேக்குக் காது எப்படி இருக்கும்?”

“எப்படி இருக்கும்? நீளமாத்தான் இருக்கும். முயலுக்குக் காது வேற எப்படி இருக்கும்?”

கல்சோம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நடுநடுவே எல்லாவற்றையும் சொன்னாள்: ஜாரா கேட்டது, அக்கரை பேசியது, மீன் வண்டி இத்தாம், தட்டானிடம் இல்லாத மோதிரம்.

மாக் அண்டாக் எழுந்து நின்றாள். கையில் அகப்பை. “என் பொண்ணையா? என் ஊத்தேவையா அப்படி நெனச்ச? நேரா வந்து ஒரு வார்த்த கேக்காம, மோதிரத்து மேல பழி போட்டுட்டு உக்காந்திருந்த?”

“எப்படிக் கேப்பேன்? ‘ஏன் தள்ளிவைக்கற’ன்னு நீ வந்து கேட்டியா?”

அகப்பை நின்றது. மாக் அண்டாக் என்னைப் பார்த்தாள், கல்சோமைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள்! அடுக்கிலிருந்த தட்டுகள் அதிர்ந்தன. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த குரல் எல்லாம் அதில் வந்தது.

அந்தச் சத்தத்தில் மூலையிலிருந்த ஊத்தே கூண்டைப் பிராண்டியது. மூவரும் போய்க் குனிந்து பார்த்தோம். உள்ளே வைத்திருந்த அட்டைப் பெட்டியில் காய்ந்த புல், அதன்மேல் தன் நெஞ்சிலிருந்தே பிடுங்கிப் போட்ட வெள்ளை மயிர், பஞ்சுபோல. சில முயல் சினையாகாமலே இப்படிப் பிடுங்கிக் கூடு கட்டும் என்று ஆட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் இந்தப் பஞ்சு அசைந்தது. கல்சோம் ஒரு விரலால் லேசாக விலக்கினாள். கட்டைவிரல் தண்டிக்கு, ரோஜா நிறத்தில், கண் திறக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக. எண்ண விடாமல் ஊத்தே தலையை நீட்டி உறுமியது.

“நீ பெத்ததுக்கு நான் என் மகன் கல்யாணத்தையே நிறுத்தப் பாத்தேனே, கழுத” என்றாள் கல்சோம் அதனிடம்.

திரும்பிப் போகும்போது, “நடு ஆத்துலயே நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்” என்று சம்பானில் எழுந்து நின்று கூவினாள். அவளுக்குக் குயில் குரல், கரைக்கு எட்டவில்லை. அக்கரையில் ஆட்கள் காதில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாக் அண்டாக் பொறுக்கமாட்டாமல் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கினாள்.

“ஜாரா! ஏய் ஜாரா! ஊத்தே முயல்! இத்தாமும் முயல்! முயல்தான் பெத்துச்சு! மீன்காரப் பையனைச் சும்மா விடுங்க!”

அந்த வாரம் ஊத்தே வந்ததும் எல்லாம் தெரிந்தது. முதலில் கோபப்பட்டாள். பிறகு, “மீன் வண்டி இத்தாமா, மாக்? கொஞ்சம் லட்சணமான ஒருத்தனையாச்சும் சொல்லக்கூடாதா?” என்றாள். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வெள்ளை முயலைப் பார்த்து, “உனக்கென்னடி, கெட்ட பேரு எனக்கு” என்று அதன் நெற்றியைத் தடவினாள்.

தள்ளிவைத்த சடங்கைக் கல்சோமே முன்னால் இழுத்தாள். இரு கரையும் அந்த வீட்டில் கூடிவிட்டது. ஜாரா ஒரு தட்டு நிறைய பலகாரத்தோடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வைத்தாள். “ஜாரா, இந்தத் தடவ லக்சாவ முழுசாத் தின்னுட்டுப் போ” என்றாள் மாக் அண்டாக். கூட்டம் சிரித்தது. ஜாராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊத்தே பாயில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். கல்சோம் மோதிரத்தை எடுத்தாள், போடவில்லை. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. அக்கரைக்காரங்களும் கேட்டுக்குங்க. என் மகனுக்கு நான் கேக்கறது வான் மர்லினா பிந்தி வான் ஹாருணை.”

எங்களில் பாதிப் பேருக்கு ஊத்தேவின் சொந்தப் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. மோதிரம் விரலில் ஏறியது. மாக் அண்டாக் முதன்முதலாக ஏதோ மெல்லச் சொல்ல முயன்றாள். அதுவும் ஆறு தாண்டிக் கேட்டிருக்கும்.