இடது பக்கத்துச் சத்தம்

என் வீட்டுக்காரருக்குப் பிடிவாதம் என்று நினைத்துத்தான் ஒரு மாதமாக அவரோடு மல்லுக்கு நின்றேன். எங்களுடையது இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினாலே முன்பக்கம், என் காலடியில், 'டொக் டொக்' என்று இடிக்கும். பிரேக் போட்டால் எவர்சில்வர் அண்டாவைத் தரையில் இழுத்தாற்போல் ஒரு கிறீச்.

"ஏன்னா, நடுரோட்டுல சக்கரம் கழண்டு விழுந்தாத்தான் நம்புவேளா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. இல்லாததைச் சொல்லிண்டிருக்கே."

பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஒரு காலத்தில், யாரோ ஓட்டிவரும் பைக் தெருமுனை திரும்பும்போதே, "செயின் லூஸ்" என்று ஹாலில் உட்கார்ந்தபடி சொன்ன மனுஷர். அவருக்கா கேட்காது?

நச்சரித்து, மேற்கு மாம்பலத்தில் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு வரச் செய்தேன். தேய்ந்த பிரேக் பேடைப் பார்த்ததுமே அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஜாக்கி போட்டு, இவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, இடது முன்சக்கரத்தின் அருகில் குந்தினார்.

"பிரேக்கை மிதிச்சிக்கினே இரு சார். மிதிச்சும் சத்தம் வந்தா பால் ஜாயிண்ட். நின்னுட்டா பேரிங்கு."

சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினார். டொக், டொக்.

"நீ கேட்ட சத்தம் இதானா சார்?"

இவர் நிமிர்ந்து, கதவருகே நின்ற என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "ஆமா, இதான்" என்றார்.

மெக்கானிக் கையை எடுத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். "இப்போ?"

நானும் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலை அசைந்திருக்கும் போல. இவர் மறுபடி என் முகத்தைப் பார்த்தார். "ஆமாமா, நன்னா கேக்கறது."

"நான் இப்போ ஆட்டவே இல்லியே சார்!"

மார்கழியில் சபாவில் மைக் சரியில்லை என்று இவர் கச்சேரி நடுவே எழுந்து வந்தது, போன் அடித்தால் "நீயே பேசு" என்று நீட்டுவது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. பாவி மனுஷா, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? மெக்கானிக் எதிரில் அழக்கூடாதென்று வெளியே போய் நின்றேன்.

பால் ஜாயிண்டும் பேடும் மாற்றிச் சாயங்காலம் கிளம்பினோம். எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கரில் வண்டி சத்தமே இல்லாமல் இறங்கியது. அவர் ரோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"போயிடுத்தா?"

"போயிடுத்து" என்றேன். அவர் பார்வை நகரவில்லை. தலையை ஆட்டிக் காட்டினேன்.

வாசலில் இறங்கியதும் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, காதருகே குனிந்தார். "வித்துடலாம்டி. யார்கிட்டயும் காரணம் சொல்லாதே."

ரகசியமாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். எதிர் பிளாட் வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தார்.